வீட்டு சோலார் பேனலைக் கழுவணுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் சோலார் வைத்த வீடுகள் பெருகப் பெருக, என்னிடம் வரும் கேள்விகளும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. 2024 பிப்ரவரியில் பி.எம். சூர்ய கர் திட்டம் அறிவிக்கப்பட்டு, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியம் என்று ஆன பிறகு, தெருவுக்கு நாலு வீட்டில் பேனல் ஏறிவிட்டது. மாட்டித் தருபவர்கள் மீட்டர் ஓடுவதைக் காட்டிவிட்டு, “அப்பப்ப துடைச்சுக்குங்க சார்” என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். எப்போது, எதை வைத்து, எந்தத் தண்ணீரில் என்று யாரும் சொல்வதில்லை.

கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். கணக்கு எல்லாம் தமிழ்நாட்டு வெயிலில், பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு இணைந்த (ஆன்-கிரிட்) 3 கிலோவாட் சோலார் வைத்த வீட்டுக்கு.

சோலார் பேனலை நிஜமாவே கழுவணுமா, இல்ல மழையே பாத்துக்குமா?

பெரும்பகுதியை மழையே பார்த்துக்கொள்ளும். நன்றாக அடித்துப் பெய்யும் ஒரு மழை, நீங்கள் ஒரு மணி நேரம் நின்று துடைப்பதற்குச் சமமாகக் கழுவிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்தில் பேனல் பக்கம் போகவே வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊரில் தை பிறந்தால் வைகாசி வரை பல இடங்களில் சொல்லும்படியான மழை கிடையாது. அந்த நாலைந்து மாதம்தான் வெயிலும் நன்றாக இருக்கும், தூசியும் அதிகமாக இருக்கும். அப்போது கை வைக்காமல் விட்டால் நஷ்டம்தான். இன்னொன்று, தூறலை மழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாலு சொட்டுப் போட்டு நின்றுவிடும் கோடைத் தூறல், தூசியைக் கரைத்துப் புள்ளி புள்ளியாக ஒட்டவைத்துவிட்டுத்தான் போகும்.

கழுவாம விட்டா எவ்வளவு போகும்? ரூபாய்ல சொல்லுங்க.

நம் ஊரில் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் வரும். அப்படியானால் 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட், இரண்டு மாத பில்லுக்கு ஏறக்குறைய 720 யூனிட். தூசியால் 5 சதவீதம் குறைந்தால் 36 யூனிட் போகும். 10 சதவீதம் என்றால் 72 யூனிட்.

ஒரு யூனிட் உங்களுக்கு 5 ரூபாய் மதிப்பா 10 ரூபாய் மதிப்பா என்பது நீங்கள் எந்த ஸ்லாபில், அதாவது எந்தக் கட்டண அடுக்கில் விழுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குறைந்த பக்கம் 180 ரூபாய், கூடிய பக்கம் 700 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற எல்லையை ஒட்டி இருக்கும் வீடுகள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளின் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். மற்றவர்களுக்கு இது பெரிய தொகை இல்லை. கீழே வரும் பல பதில்களுக்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

சரி, எத்தனை நாளைக்கு ஒரு தடவைன்னு சொல்லிடுங்க.

எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரு எண்ணைச் சொல்ல முடியாது. சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். மரம் செடி உள்ள அமைதியான தெருவில் கோடையில் மாதம் ஒருமுறை போதும். மண் ரோட்டை ஒட்டிய வீடு, பக்கத்தில் கட்டட வேலை நடக்கும் வீடு, லாரி ஓடும் ரோட்டோர வீடு என்றால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம்.

இதைக் காலண்டர் பார்த்து முடிவு செய்யாமல் ஆப் பார்த்து முடிவு செய்வது நல்லது. மேகமே இல்லாத ஒரு நாளில், மதியம் பன்னிரண்டு மணி வாக்கில் இன்வெர்ட்டர் (பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி) ஆப்பில் எத்தனை வாட் காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். பேனல் சுத்தமாக இருக்கும்போது எடுத்த அந்த எண்தான் உங்கள் வீட்டு அளவுகோல். இரண்டு மூன்று வாரம் கழித்து, அதே போல் தெளிவான இன்னொரு நாளில், அதே நேரத்தில் பாருங்கள். 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் கழுவுங்கள். இறங்கவில்லை என்றால், பார்வைக்கு எவ்வளவு அழுக்காகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். கண்ணுக்கு அழுக்காகத் தெரிவதெல்லாம் யூனிட்டில் குறைவாகத் தெரியாது.

யூடியூப்ல அமெரிக்காக்காரங்க கழுவவே வேண்டாம்னு சொல்றாங்க. நம்மாளுங்க பாதி கரண்ட் போயிடும்ங்கிறாங்க. யாரை நம்புறது?

இருவரும் அவரவர் ஊரைப் பற்றிச் சொல்வது சரிதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 145 நாள் மழையும் இல்லாமல் கழுவவும் செய்யாமல் இருந்த பேனல்கள் 7.4 சதவீதம்தான் இழந்தன. வீட்டு பேனலை ஆள் வைத்துக் கழுவுவது கட்டுப்படியாகாது என்பது அவர்கள் முடிவு. குஜராத்தில் காந்திநகர் ஐ.ஐ.டி.யில் இருந்த பேனல்களை வைத்து 2017-இல் வந்த ஆய்வில், சில வாரங்கள் அப்படியே விட்டுக் கழுவியபோது ஒவ்வொரு முறையும் உற்பத்தி 50 சதவீதம் வரை ஏறியது.

தமிழ்நாடு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காந்திநகர் அளவு தூசி நமக்கு இல்லை; கலிபோர்னியா அளவு சுத்தமான காற்றும் இல்லை. அதனால்தான் உங்கள் மாடியின் அளவை நீங்களே எடுக்கச் சொன்னேன்.

எந்த நேரத்துல கழுவலாம்?

விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன். மதிய வெயிலில் பேனல் கண்ணாடி 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். அதன் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி விரிசல் விட வாய்ப்பு உண்டு. அது டெம்பர்டு கண்ணாடி, ஒவ்வொரு முறையும் உடைந்துவிடாது என்பது உண்மை. ஆனால் ஒரு பேனல் போனால் அதே மாடல் மறுபடி சந்தையில் கிடைப்பதே கஷ்டம். சூட்டில் ஊற்றும் தண்ணீர் ஓடி வடியாமல் அங்கேயே காய்ந்து கறையும் விடும்.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பேனல் மேல் பனி இறங்கி முத்து முத்தாக நிற்கும். ராத்திரி முழுக்க ஊறிய தூசி அப்போது விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் துடைத்தால் பாதித் தண்ணீர் மிச்சம். அதே பனியை வெயிலில் காயவிட்டால் தூசி அடையாகக் கட்டிவிடும். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகும் கழுவலாம், ஆனால் பேனல் ஆறிவிட்டதா என்று ஓரச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

போர் தண்ணியில கழுவலாமா? எங்க வீட்ல அது மட்டும்தான் இருக்கு.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதுதான் தலையாய கேள்வி. தூசியை விட உப்புத் தண்ணீர் செய்யும் கெடுதி பெரிது. தூசி அடுத்த மழைக்குப் போய்விடும். போர் தண்ணீர் காய்ந்த பின் நிற்கும் வெள்ளைக் கறை போகாது. பாத்ரூம் குழாயிலும் வாளியிலும் படிகிறதே, அதே சுண்ணாம்புப் படிவுதான். ஒவ்வொரு முறை கழுவும்போதும் அதன் மேல் இன்னொரு படலம் ஏறும். சுத்தம் செய்யச் செய்ய யூனிட் குறைவது இப்படித்தான்.

மழைநீர் இருந்தால் அதை மிஞ்சியது எதுவும் இல்லை. 2003-இலேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பல வீடுகளில் அந்தத் தண்ணீர் நேராக மண்ணுக்குள் இறங்குகிறது; ஒரு டிரம்மில் கொஞ்சம் பிடித்து மூடி வைத்தால் கோடைக்குக் கைகொடுக்கும். அடுத்தபடி கார்ப்பரேஷன் தண்ணீர் அல்லது ஆற்றுத் தண்ணீர்.

போர் தவிர வேறு வழியே இல்லையா? அப்படியானால் அதைக் கொஞ்சமாகப் பயன்படுத்தி அழுக்கை இறக்குங்கள், தண்ணீர் காய்வதற்கு முன் வைப்பரால் மேலிருந்து கீழாக முழுவதையும் வழித்து எடுங்கள். கறை விடுவது பேனல் மேலேயே காயும் தண்ணீர்தான். வழித்துவிட்டால் பிரச்சினை பெருமளவு குறையும். பேனல் கண்ணாடி வரை மட்டும் கடைசியாக ஒரு குடம் நல்ல தண்ணீர் விட முடிந்தால் இன்னும் நல்லது.

ஆர்.ஓ. மெஷின்ல வெளிய போற தண்ணிய பிடிச்சு வச்சிருக்கேன். அது ஓகேவா?

வேண்டாம். மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் இருக்கிறது. உள்ளே போன தண்ணீரை விட அதில் உப்பு அதிகம். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் சொட்டும் தண்ணீர் பரவாயில்லை, அதில் உப்பு கிடையாது.

சோப்பு, சர்ஃப், ஷாம்பு ஏதாவது போடலாமா?

சாதாரணத் தூசிக்கு எதுவுமே தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். சோப்பு சரியாக அலசப்படாமல் மெல்லிய படலமாக நின்றால் அடுத்த வாரத் தூசி அதில்தான் முதலில் ஒட்டும்.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அடுப்படிச் சிம்னிக் குழாய் பேனலுக்குப் பக்கத்தில் புகை விடும் வீடுகளிலும், ஹோட்டலை ஒட்டிய வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். அங்கே பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து துடைத்து, நன்றாக அலசிவிடுங்கள். பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர், சபீனா போன்ற தேய்ப்புத் தூள் எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள். கண்ணாடியின் மேல் ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு; தூள் அதைச் சுரண்டிவிடும். ஆசிட் அலுமினியச் சட்டத்தை அரிக்கும்.

எதை வச்சு, எப்படித் தேய்க்கணும்?

மெதுவான பிரிஷ் அல்லது மைக்ரோஃபைபர் மாப், நீளக் கம்பு, ரப்பர் வைப்பர், இரண்டு மூன்று வாளித் தண்ணீர். ஆறு பேனல் உள்ள வீட்டுக்கு இவ்வளவு போதும். தென்னந்துடைப்பம், கம்பி நார், பச்சை ஸ்கிரப்பர் எல்லாம் கீறல் போடும்.

முதலில் தண்ணீரை மட்டும் மேலிருந்து விட்டு இரண்டு நிமிஷம் ஊற விடுங்கள். காய்ந்த தூசியை அப்படியே துணி போட்டுத் தேய்ப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அந்தத் தூசியில் மணல் துகள் இருக்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். ஊறிய பிறகு மாப்பை மேலிருந்து கீழாக, அழுத்தாமல் இழுங்கள். கலங்கல் நீர் கீழ்ச் சட்டத்தில் வந்து தேங்கும்; அதை அங்கேயே விட்டுவிட்டு வராமல் வைப்பரால் வெளியே தள்ளிவிடுங்கள். பேனலுக்கு அடியில் உள்ள பெட்டி, வயர், கனெக்டர் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். கார் கழுவும் பிரஷர் மெஷினையும் தவிர்த்துவிடுங்கள். அந்த வேகம் ஓர சீலைக் கிளப்பி உள்ளே ஈரத்தை விட்டுவிடக் கூடும்.

காக்கா எச்சம் ஒண்ணு ரெண்டுதானே, அதுக்கு என்ன அவசரம்?

பேனல் முழுக்கப் படிந்த மெல்லிய தூசியை விட, ஒரே இடத்தில் கெட்டியாக விழுந்த எச்சம் மோசம். ஒரு பேனலுக்குள் இருக்கும் செல்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரு செல்லை எச்சம் மூடிவிட்டால் அந்தத் தொடரில் ஓடும் கரண்ட் அங்கே தடைபடும். மற்ற செல்கள் தயாரிக்கும் மின்சாரம் அந்த ஒரு செல்லில் வெப்பமாக இறங்கும். இதைத் தடுக்கத்தான் பேனலை மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு பைபாஸ் டையோடு (தடைபட்ட பகுதியைச் சுற்றிக் கரண்டைக் கடத்திவிடும் பாகம்) வைத்திருக்கிறார்கள். டையோடு வேலை செய்யும்போது செல் தப்பிக்கும், ஆனால் அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடும்.

அதனால் எச்சத்துக்கு மாதக் கணக்கு கிடையாது, பார்த்த அன்றே எடுத்துவிடுங்கள். காய்ந்து போயிருந்தால் ஈரத் துணியை அதன் மேல் பத்து நிமிஷம் போட்டு வைத்தால் தானாகக் கழன்று வரும். கரண்டி, பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டாம். மேலே கேபிள், டிவி டிஷ், பழைய ஆன்டெனாக் கம்பி இருந்தால் காகம் தினமும் அங்கேதான் வந்து உட்காரும். முடிந்தால் அதை இடம் மாற்றுங்கள்.

பேனலுக்கு அடியில புறா கூடு கட்டிடுச்சு. விட்டுடலாமா?

குஞ்சு இருந்தால் பறந்து போகும் வரை விடுங்கள். பிறகு கூட்டை எடுத்து, சுற்றிலும் வலை அடித்துவிடுங்கள். வலையைப் பேனல் சட்டத்தில் ஓட்டை போட்டு மாட்டக் கூடாது, கிளிப் இருக்கிறது. புறா எச்சம் காய்ந்து தூளாகி மூக்கில் ஏறினால் நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்த பிறகே வாருங்கள், மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

மேல எல்லாம் பளிச்னு இருக்கு, கீழ் ஓரத்துல மட்டும் ஒரு மண் கோடு நிக்குது. அது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக் கூடாத இடம் அதுதான். தமிழ்நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 8 முதல் 13 டிகிரி வடக்கில் இருப்பதால் இங்கே பேனலை 10, 15 டிகிரி மட்டும் சாய்த்து வைக்கிறோம். சாய்வு குறைவு, அலுமினியச் சட்டம் கண்ணாடியை விடக் கொஞ்சம் உயரம். மழைத் தண்ணீரும் கழுவிய தண்ணீரும் வடிந்து வந்து அந்தச் சட்டத்தில் முட்டி நிற்கும். தண்ணீர் ஆவியாகிவிடும், மண் மட்டும் தங்கிவிடும். ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால் அதில் பாசி பிடித்துச் சின்னச் செடியே முளைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கோடு ஒரு அங்குலம் ஏறி செல் வரிசையைத் தொட்டுவிட்டால், எச்சத்துக்குச் சொன்ன அதே கதைதான். பேனலை நிமிர்ந்த வாக்கில் மாட்டியிருந்தால் மூன்று பகுதிகளும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும். இப்போது வரும் அரை செல் பேனல்களில் (செல்களைப் பாதியாக வெட்டி, மேல் கீழ் என இரண்டு பாதியாக இணைத்தவை) மேல் பாதி மட்டும் தப்பிக்கும். படுக்கை வாக்கில் மாட்டியிருந்தால் ஒரு பகுதியோடு போகும். முழு பேனலையும் கழுவ நேரமில்லாத வாரத்தில்கூட, ஈரத் துணியால் இந்தக் கீழ் ஓரத்தை மட்டும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வாருங்கள். தேங்கும் தண்ணீரை வடிக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள் கிடைக்கின்றன. சாய்வு மிகக் குறைவான மாடிகளுக்கு அவை பயன்படும்.

தண்ணி ஊத்தும்போது ஷாக் அடிக்குமா?

எல்லாம் நல்ல நிலையில் இருந்தால் அடிக்காது; மழையில் நனைவதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. ஆனால் அலட்சியம் வேண்டாம். ஆறு பெரிய பேனல்களைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட் அளவுக்கு டி.சி. (நேர்மின்சாரம்) இருக்கும். கீழே இன்வெர்ட்டரை நிறுத்தினாலும் பேனலில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும் வரை அந்த வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும். விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலேயே வந்துவிடும்.

எனவே இன்வெர்ட்டர் பக்கத்தில், வீட்டு லைனுக்குப் போகும் ஏ.சி. (மாறுமின்சார) சுவிட்சையும் பிறகு பேனல் லைனைத் துண்டிக்கும் டி.சி. ஐசோலேட்டரையும் அணைத்துவிட்டு மேலே போங்கள். ரப்பர் செருப்புப் போடுங்கள், உலோகக் கம்பு வேண்டாம். தண்ணீர் விடுவதற்கு முன் ஒரு சுற்று பாருங்கள். கண்ணாடி உடைந்திருக்கிறதா, வயர் தோல் உரிந்திருக்கிறதா, அணில் அல்லது எலி கடித்திருக்கிறதா? அப்படி ஏதாவது தெரிந்தால் தண்ணீரும் வேண்டாம், தொடவும் வேண்டாம். மாட்டித் தந்தவரைக் கூப்பிடுங்கள். மழை பெய்யும்போதே ஏறித் தேய்த்துவிடலாம் என்றும் சிலர் கேட்கிறார்கள். வழுக்கும் தளமும் இடியும் சேர்ந்த நேரம் அது, கூடவே கூடாது.

எங்களுது எலிவேட்டட் ஸ்ட்ரக்சர், எட்டடி உயரம். பேனல் மேல ஏறி நின்னு துடைக்கலாமா?

பேனல் மேல் கால் வைக்கவே கூடாது. கண்ணாடி தாங்கிவிடும், அடியில் உள்ள செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அது மாதக் கணக்கில் பரவி, பின்னால் அந்தப் பேனல் மட்டும் மங்கும். மேலே ஏறி நடந்ததால் வந்த சேதத்துக்கு வாரண்ட்டியும் கிடைக்காது.

நீட்டிக்கக்கூடிய கம்பில் மாப் மாட்டி, தரையில் நின்றோ ஸ்ட்ரக்சரின் நடைபாதையில் நின்றோ எட்டும் வரை துடைக்கலாம். ஏணி போடுவதானால் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். எட்டாத நடு வரிசையை மழைக்கு விட்டுவிடுங்கள். இரண்டாவது கேள்வியின் கணக்கைத் திரும்பப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குச் சில நூறு ரூபாய் விஷயம். அதற்காக யாரும் மாடியிலிருந்து விழக் கூடாது.

வீட்டு வேலைக்கு வர்ற அக்காவையே துடைக்கச் சொல்லிட்டா?

கைப்பிடிச்சுவர் உள்ள மாடி, இடுப்பளவு உயரத்தில் பேனல், மேலே சொன்ன முறையில் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறீர்கள் என்றால் சரி. அந்த வேலைக்குத் தனியாகக் கூலியும் கொடுங்கள். ஓடு, சிமென்ட் ஷீட், எலிவேட்டட் ஸ்ட்ரக்சர் என்றால் அவரையும் ஏற்றாதீர்கள், வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். நீங்கள் ஏறத் தயங்கும் இடத்தில் சம்பளம் வாங்குகிறார் என்பதற்காக இன்னொருவரை ஏறச் சொல்வது நியாயமே இல்லை. இடுப்புக் கயிறு போட்டு வேலை செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள், அல்லது மழைக்குக் காத்திருங்கள்.

தூத்துக்குடியில கடலுக்குப் பக்கத்துல இருக்கோம். எங்களுக்கும் இதே கணக்குதானா?

உப்புக் காற்று பேனல் மேல் பிசுபிசுப்பான படலமாக இறங்கும், அதில் தூசி சீக்கிரம் பிடிக்கும். நல்ல தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் தேய்க்கத் தேவையில்லை, அலசினால் போதும். கடலோரத்தில் பேனலை விட ஸ்ட்ரக்சரையும் போல்ட்டையும் எர்த் கம்பியையும்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

மற்ற ஊர்களுக்கும் அவரவர் அழுக்கு உண்டு. திருப்பூர், பல்லடம் பக்கம் பஞ்சுத் தூசி. ஈரத்தோடு சேர்த்துத் துணியால் தேய்த்தால் திரிந்து ஒட்டும், முதலில் காய்ந்த மென்மையான பிரிஷால் தட்டிவிடுங்கள். எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். அரியலூர் போன்ற சிமென்ட் ஊர்களில் மட்டும் சோம்பல் கூடாது: பனி பட்டு சிமென்ட் தூசி இறுகிவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு.

மாசம் ஒரு தொகை குடுத்தா வந்து கழுவித் தர்றோம்னு சொல்றாங்க. நானோ கோட்டிங், ஸ்பிரிங்க்ளர்னும் சொல்றாங்க. எது தேவை?

3 கிலோவாட் வீட்டுக்கு மூன்றுமே பெரும்பாலும் தேவையில்லை. கழுவுவதால் மிச்சமாகும் தொகையை விடக் கழுவும் கூலி அதிகமானால் அது எப்படி லாபமாகும்? வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு, ஏற முடியாத உயரம் என்றால் கோடையில் இரண்டு மூன்று முறை ஆள் கூப்பிடுவது நியாயமான செலவு.

தூசி ஒட்டாது என்று சொல்லி நானோ பூச்சு விற்பவர்களிடம், பேனல் கம்பெனி இதை அனுமதிக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கம்பெனி கையேட்டில் இல்லாத எதையும் கண்ணாடியில் பூசினால் பிற்பாடு வாரண்ட்டி கேட்கும்போது வம்பு. ஸ்பிரிங்க்ளர் நல்ல தண்ணீர் உள்ள வீட்டுக்கு வசதிதான். போர் தண்ணீரில் ஓட்டினால், மேலே சொன்ன வெள்ளைக் கறையைத் தினமும் நாமே போட்டதாகிவிடும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் தொடங்கிய 648 மெகாவாட் நிலையத்தில் ரோபோக்கள் தினமும் துடைக்கின்றன. அந்த அளவில் ஒரு சதவீதம் போனாலும் பெரிய பணம். ஆறு பேனலுக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது.

மத்தியானம் தண்ணி ஊத்தின உடனே ஆப்ல கிடுகிடுன்னு ஏறுச்சு. அப்ப அவ்வளவு அழுக்கா இருந்துச்சா?

அதில் பாதிக்கு மேல் குளிர்ச்சியின் வேலை. பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.35 சதவீதம். தண்ணீர் பட்டு 20 டிகிரி இறங்கினால் அதற்கே 7 சதவீதம் ஏறிவிடும். பேனல் மறுபடி சுட்டதும் அது போய்விடும். சிலர் வீட்டுக்கு வந்து மதியத்தில் கழுவி, ஆப்பைக் காட்டி, காசு வாங்கிப் போவது இப்படித்தான். உண்மையான பலன் தெரிய வேண்டுமானால் மறுநாள் மதியம், மூன்றாவது கேள்வியில் சொன்ன மாதிரி அளந்து பாருங்கள்.

நல்லா கழுவியும் யூனிட் குறைவாவே வருது. என்ன பண்றது?

முதலில் எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். மார்ச்சோடு நவம்பரை ஒப்பிட்டால் குறைவாகத்தான் இருக்கும். சென்ற வருஷத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். வருஷத்துக்கு அரை சதவீதம் போலக் குறைவது எல்லாப் பேனலுக்கும் இயல்பு.

அதற்கு மேல் குறைந்தால் நிழலைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுத் தென்னை ஒரு வருஷத்தில் வளர்ந்திருக்கும், எதிரே புது மாடி எழும்பியிருக்கும், உங்கள் வீட்டிலேயே தண்ணீர் டேங்கை உயர்த்தியிருப்பீர்கள். காலை எட்டு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் மாடி ஏறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நிழலும் இல்லை என்றால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். மதியத்தில் லைன் வோல்டேஜ் வரம்பைத் தாண்டி ஏறினால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடும். கரண்ட் போனாலும் அதே கதை. ஆப்பின் வரைபடம் மலை போல ஏறி இறங்காமல் நடுவில் பள்ளம் பள்ளமாக இருந்தால் இதுதான் காரணம். மின்வாரியத்தில் வோல்டேஜ் புகார் கொடுக்க வேண்டும். இன்வெர்ட்டரின் மின்விசிறியிலும் பின்பக்கத் தகடுகளிலும் ஒட்டடை அடைத்திருந்தாலும் அது சூடேறித் தான் தரும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். பேனலை மாதாமாதம் துடைப்பவர்கள்கூட இன்வெர்ட்டர் பக்கம் துணி எடுத்துப் போவதில்லை.

வரைபடம் ஒழுங்கான வடிவில், ஆனால் உயரம் மட்டும் குறைவாக இருந்தால் ஒரு பேனலோ கனெக்டரோ டையோடோ பழுதாகியிருக்கலாம். மாட்டித் தந்தவரைக் கூப்பிட்டு, மதிய வெயிலில் ஸ்ட்ரிங் (தொடராக இணைத்த பேனல் வரிசை) வோல்டேஜையும் கரண்டையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். “தூசியா இருக்கும் சார், கழுவிப் பாருங்க” என்று போனிலேயே முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். கழுவிய மறுநாள் எடுத்த எண்ணும், சென்ற வருஷம் அதே மாதத்து எண்ணும் உங்கள் கையில் இருந்தால் நேரில் வந்துதான் ஆக வேண்டும்.